மணத்தை எழுது, குடியை எழுதாதே

சட்ட மருத்துவப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வழக்குகளுக்காக இரத்தத்திலும் மூச்சிலும் மதுவைச் சோதிக்கும் முறைகள் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். முறைகளை என்னிடம் கேட்பது வீண். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த இயந்திரங்களின் பெயர்கூட எனக்கு வாயில் நுழையாது. எந்தப் போத்தல், எந்த முத்திரை, எத்தனை பாகை குளிர் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆகவே மனப்பாடம் செய்ய முடியாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பொலிஸ் ஒரு பக்கமும் சனம் மறுபக்கமும் நின்று அவசரப்படுத்தும்போது, பேனையைக் கையில் வைத்திருக்கிற ஆளின் பாடு பற்றி.

எனக்கு முன் என் கதிரையில் இருந்த சட்ட வைத்திய அதிகாரி மகா கோபக்காரர். மாற்றலாகிப் போகிற நாளிலாவது இரண்டு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். மேசை லாச்சியைப் பூட்டுகிற திறப்பை என் கையில் தந்துவிட்டு, "மணத்தை எழுது, குடியை எழுதாதை" என்றார். அவ்வளவுதான் பிரியாவிடை. வாயில் மணம் வீசினால் அது நாங்கள் கண்டது. குடித்திருக்கிறார் என்பது நாங்கள் நினைத்தது. கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்பது அதன் கருத்து. மனுசன் வார்த்தையிலும் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தையின் பெறுமதி ஒரு கந்தசஷ்டி நாளில்தான் எனக்கு விளங்கியது.

சஷ்டியின் ஆறாம் நாள், மத்தியானம் திரும்பிய நேரம். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் விரதம். சிற்றுண்டிச்சாலையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் விரதம் பிடிக்கிற ஆள் இல்லை. எனக்குப் பசியோடு கோபமும் சேர்ந்து வரும் என்பதால் முருகனே என்னை விட்டுவிட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றும் சோறு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார, ஒரு பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர் பெயர் தவராசா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தோட்டக்காரர். பீற்றூட் ஏற்றிய சின்ன லொறியைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வந்தவர், உடுவிலில் ஒரு குறுகிய ஒழுங்கை வளைவில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளையை இடித்துவிட்டார். பிள்ளையின் பெயர் சிந்துஜா. கால் முறிந்து, தலையிலும் அடிபட்டு, அந்த நேரம் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் இருந்தாள்.

"டொக்டர், இதிலை பெரிசாப் பாக்க ஒண்டும் இல்லை," என்றார் சார்ஜன்ட். "பலூன் ஊத வைச்சனாங்கள், நிறம் மாறிப்போச்சு. ஆளும் நிக்க ஏலாமல் தள்ளாடுது. நீங்கள் எழுதித் தந்தியளெண்டால் கெதியாக் கொண்டு போயிடுவன். வெளியிலை சனம் கொதிச்சுக்கொண்டு நிக்குது."

அந்தப் பலூனின் வாயில் ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஊதுகிற மூச்சில் மது இருந்தால் குழாயில் உள்ள மஞ்சள் மணிகள் பச்சையாகும். சார்ஜன்ட் அதைக் காட்டினார். நல்ல பச்சை.

தவராசாவைக் கதிரையில் இருத்தினேன். கண் பாதி மூடியிருந்தது. பெயரைக் கேட்டால் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு இரண்டு தரம் தடுமாறியது. கிட்டப் போனேன். மணம் வீசியது, உண்மைதான். ஆனால் அது ஒரு மணம் இல்லை, இரண்டு. உள்ளிருந்து வந்தது கனிந்து அழுகப் போகிற பழத்தின் இனிப்பு மணம். முகத்திலும் மீசையிலும் இருந்தது வேறு, பூ மணம் போன்ற ஒன்று. வீட்டில் எங்கேயோ பழகிய மணம்தான், ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. சாராயமும் கள்ளும் எனக்கு நன்றாகத் தெரியும், குடித்ததால் அல்ல, வருடக்கணக்காகக் குடித்தவர்களின் முகத்துக்கு நேரே நின்றதால். இது இரண்டும் இல்லை.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. அவருடைய மூச்சு. ஓட்டப்போட்டி ஓடி முடித்தவர்போல ஆழமாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் அவர் எங்கேயும் ஓடவில்லை. ஜீப்பில் உட்கார்ந்து வந்தவர்.

"குடிச்சனீங்களோ?"

"இல்லை டொக்டர். விரதம்."

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். "இண்டைக்குப் பிடிபடுகிற ஆக்கள் எல்லாரும் விரதம்தான் டொக்டர்."

"எந்த ஊர்?"

"புத்தூர்."

சார்ஜன்ட் தலையை நிமிர்த்தி, "டொக்டரும் புத்தூர்தானே?" என்றார். குத்திக் கேட்கவில்லை, சும்மா கேட்டார். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களின் காதுக்கு அது போதும். "டொக்டரும் அந்த ஊராம், இனிச் சாராயம் மோராகிடும்" என்று ஒரு குரல் கேட்டது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

உங்களுக்கு ஒளிக்காமல் சொல்லுகிறேன், எனக்குப் பயம் வந்தது. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. பலூன் சொல்லுகிறது, நடை சொல்லுகிறது, மணம் சொல்லுகிறது. போடாமல் விட்டால், ஊர்க்காரனைக் காப்பாற்றினாள் என்ற பெயர் நான் ஓய்வு பெறும்வரைக்கும் என்னோடு வரும். புத்தூரில் பிறந்ததற்காக நான் வருத்தப்பட்டது அன்று ஒரு நாள்தான். பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு அவருடைய நாக்கை நீட்டச் சொன்னேன். காய்ந்த பனையோலைபோல வறண்டிருந்தது.

"சீனி வருத்தம் இருக்கோ?"

"ஓம்."

"ஊசி போடுறனீங்களோ?"

அவர் தலையைக் குனிந்தார். "சாப்பாடு இல்லாத நாளிலை ஊசி என்னத்துக்கெண்டு... விரதம் துவங்கினோடை விட்டிட்டன் டொக்டர்."

எங்கள் ஊர்களில் இந்தப் பிழையை விடுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டால் நியாயமாகவும் இருக்கும். சாப்பாடு போகவில்லை என்றால் சீனி ஏறாது, சீனி ஏறாவிட்டால் ஊசி வேண்டாம். ஆனால் உடம்பு அந்தக் கணக்குப் பார்ப்பதில்லை. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கும். இரத்தம் புளிக்கும். மூச்சில் பழ மணம் வரும், மூளை மங்கும், கால் தள்ளாடும். பார்க்கிறவர்களுக்கு நல்ல குடிவெறியில் இருக்கிற ஆள் மாதிரியே இருக்கும். அப்படிப்பட்டவரைப் பொலிஸ் கூண்டுக்குள் 'வெறி முறியட்டும்' என்று விட்டால், விடியும்போது வெறியும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்.

விரலில் குத்திச் சீனி பார்த்தோம். மீற்றரில் எண் வரவில்லை. தன்னால் அளக்கக்கூடியதற்கு மேலே போய்விட்டது என்று மட்டும் காட்டியது. வாட்டுக்கு ஆள் அனுப்பிச் சேலைன் ஏற்ற ஆயத்தப்படுத்தச் சொன்னேன். முதலில் நோயாளி, பிறகுதான் வழக்கு. இதில் மட்டும் எந்தச் சார்ஜன்டோடும் பேரம் பேசாதீர்கள்.

ஆனால் வழக்கையும் விட முடியாது. தவராசாவிடம் விளக்கிச் சம்மதம் கேட்டு, மதுவைப் பார்ப்பதற்கும் இரத்தம் எடுக்கச் சொன்னேன். தாதி நல்ல கைராசிக்காரி. அவ அவசரத்தில், பழகிய கை பழகியபடி போய், ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அவருடைய முழங்கை மடிப்பில் வைக்கப் போனா. "நில்லுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் சார்ஜன்டும் சேர்ந்து துள்ளினார். மதுவைத் தேடுகிற இடத்தில் நாங்களே மதுவைப் பூசலாமா? இது உங்களுக்குத் தெரியும், அவவுக்கும் தெரியும். தெரிந்தது தலையில் இருக்கும், பழக்கம் கையில் இருக்கும், அவசரத்தில் கைதான் முந்தும். மது கலக்காத மருந்தால் துடைத்து எடுத்தோம்.

"சிறுநீரையும் ஒரு போத்தலிலை தாங்கோ, இப்பவே ஜீப்பிலை கொண்டு போறன்," என்றார் சார்ஜன்ட்.

"இவற்றை சிறுநீர் முழுக்கச் சீனி. உங்கடை ஜீப் வெயிலிலை அது புளிச்சுதெண்டால் போத்தலே கள்ளு முட்டியாப் போயிடும். இல்லாத மதுவை நாங்களே காய்ச்சின மாதிரி. இரத்தம் போதும்."

பழுதாகாமல் காக்கும் மருந்து போட்ட போத்தலில் இரத்தத்தை விட்டு, அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே முத்திரை வைத்து, அவருடைய கையெழுத்தையும் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். "ஆளை நான் வாட்டிலை விடுறன். கொண்டுபோக விடமாட்டன்," என்றேன்.

"டொக்டர், வெளியிலை நிக்கிற சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?"

"உயிரோடை இருக்கிற ஆளுக்குத்தான் வழக்குப் போடலாம் எண்டு சொல்லுங்கோ."

அவர் குழாயைத் திரும்பவும் என் முன்னால் நீட்டினார். "நீங்கள் சொல்லுறது எல்லாம் சரியெண்டே வைப்பம். அப்ப இது?"

குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். நோய் நடையை விளக்கியது, பேச்சை விளக்கியது, பழ மணத்தை விளக்கியது. ஆனால் அந்த மணிகள் இந்த நோயின் மணத்துக்குப் பச்சையாவதில்லை. சீனி வருத்தக்காரர்களும் குடிப்பார்கள். விரதகாரர்களும் குடிப்பார்கள், முருகனுக்குத் தெரியும். ஒன்றைக் கண்டுபிடித்த சந்தோசப் புளுகத்தில் மற்றதை மறந்துவிடுவது எங்கள் தொழிலில் பெரிய ஆபத்து. இரத்தத்தின் முடிவு கொழும்பிலிருந்து வர மாதங்கள் செல்லும். அதுவரை அந்த மனுசன் குழந்தையை இடித்த குடிகாரன், நான் அவனுக்கு ஊர்க்காரி.

தவராசாவைத் தள்ளுவண்டியில் வாட்டுக்குக் கொண்டு போகும்போது நானும் சார்ஜன்டும் கூடப் போனோம். தாழ்வாரத்தில் ஒரு பெண் குறுக்கே வந்து நின்றார். சிந்துஜாவின் தாய், யோகேஸ்வரி. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் அவருடைய தம்பி.

"குடிச்சுப்போட்டு வந்து என்ரை பிள்ளையை இடிச்சவனுக்குக் கட்டில் குடுக்கிறியளோ டொக்டர்? அங்கை என்ரை பிள்ளையை வெட்டிக்கொண்டிருக்கினம். உவன் உங்கடை ஊரெண்டபடியாலோ?"

என் இரண்டு கையையும் பிடித்து உலுப்பினார். வண்டியை வாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்படி கண் காட்டினேன், கையை இழுக்கவில்லை. அவருடைய இடத்தில் நான் நின்றிருந்தால் பிடித்திருப்பது கையை அல்ல. கொஞ்ச நேரத்தில் அவராகவே விட்டுவிட்டுச் சுவரோடு சாய்ந்து அழுதார். எனக்கு முகமெல்லாம் வேர்வை. துடைக்கக் கையைத் தூக்கினேன். மூக்கடியில் கை வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் பூ மணம். தவராசாவின் மீசையில் இருந்த அதே மணம், என் கையில். ஓடிக்கொலோன்! காய்ச்சல் என்றால் நெற்றியில் துணி நனைத்துப் போடவும், மயக்கம் என்றால் முகம் துடைக்கவும் எங்கள் வீடுகளில் அலுமாரியில் ஒரு போத்தல் இருக்குமே, அது. பாதிக்கு மேல் மது.

"அம்மா, நீங்கள் இண்டைக்கு ஓடிக்கொலோன் தொட்டனீங்களோ?"

அவருடைய தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார். டொக்டருக்கு மூளை தட்டிப்போட்டுது என்று நினைத்திருப்பார். யோகேஸ்வரி தன் கைகளைப் பார்த்தார்.

"ஓம்... எங்கடை வாசலிலைதானே நடந்தது. சத்தம் கேட்டுப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடினனான். ஒரு ஆள் லொறியடியிலை றோட்டிலை விழுந்து கிடந்தது. பல்லுக் கிட்டிப்போச்சு. கைலேஞ்சித் துணியை நனைச்சு முகமெல்லாம் துடைச்சு, வாயையும் திறந்து துடைச்சு விட்டனான். பிள்ளை லொறிக்கு அங்காலை வேலியோடை கிடந்தவள். எனக்கு அது தெரியாது டொக்டர். பேந்துதான் சனம் கூப்பிட்டது, அக்கா உங்கடை பிள்ளையெண்டு..."

"பொலிஸ் எப்ப வந்தது?"

"நான் துடைச்சுக்கொண்டிருக்கேக்கையே வந்திட்டினம். பிள்ளையெண்டு சனம் கூப்பிட நான் அங்காலை ஓடீட்டன்."

நான் சார்ஜன்டைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "ஆள் கண் முழிச்சோடனை ஊத வைச்சனாங்கள் டொக்டர்," என்றார் மெதுவாக. "வாயைக் கொப்புளிக்க வைச்சுக் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கவேணும். சனம் அடிக்க வந்திட்டுது, அந்த அந்தர அவசரத்திலை..."

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் யோகேஸ்வரிக்கு விளங்கியது. தம்பி அவருடைய தோளைத் தொட்டு, "அக்கா, பேசாமல் இருங்கோ. ஏன் வலியப் போய் வாயைக் குடுக்கிறியள்?" என்றார்.

யோகேஸ்வரி 'எனக்கு ஞாபகம் இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். பிள்ளை உள்ளே கிடக்கிறாள்.

யோகேஸ்வரி தம்பியின் கையைத் தட்டிவிட்டுச் சார்ஜன்டிடம் சொன்னார்: "எழுதுங்கோ. நடந்தது நடந்ததுதானே. ஆனா நான் அவனை மன்னிச்சனான் எண்டு மட்டும் எழுதிப்போடாதையுங்கோ."

அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். என் தொழிலில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் தனக்குப் பாதகம், சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது என்ற நிலையில் வாயைத் திறந்தவர்கள் மிகக் குறைவு. அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். விரதம் என்று குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து செய்தி வந்தது. தலையில் பயமில்லை, கால் பொருந்திவிடும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தப் பெண் மறுபடியும் என் கையையே பிடித்துக்கொண்டார். தூரத்தில் எந்தக் கோயிலிலோ சூரன்போருக்கு மேளம் கேட்டது.

பிறகு அறைக்கு வந்து பேனையைத் திறந்தேன். மூச்சில் பழ மணம், முகத்தில் வாசனைத் தைல மணம், தள்ளாட்டத்துக்கு நோய் ஒன்றே போதிய காரணம், மது அருந்தியிருந்தாரா என்பதை இரத்த முடிவு வரும்வரை சொல்ல முடியாது என்று எழுதினேன். குடிக்கவில்லை என்றும் எழுதவில்லை. என் மனம் முழுக்க அதைத்தான் எழுதச் சொன்னது, ஆனால் அதுவும் நான் நினைத்ததுதானே.

மறுநாள் தவராசாவுக்கு அறிவு தெளிந்தது. முதல் கேட்டது, "பிள்ளை எப்பிடி டொக்டர்?" அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. ஊசியை விட்டதற்கு ஏசாமல் விடவில்லை, நன்றாக ஏசித்தான் விட்டேன். சாப்பாடு குறைகிற நாளில் ஊசியின் அளவை மாற்ற டொக்டரிடம் கேட்க வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது, முருகன் வேல் வைத்திருப்பது உங்களைக் குத்துவதற்கு இல்லை என்றேன்.

முடிவு வரக் காத்திருந்த மாதங்கள் இலேசானவை அல்ல. புத்தூரில் ஒரு கலியாண வீட்டில் என் மச்சாள் ஒருத்தி, "எங்கடை ஆளை விட்டுக் குடுக்காமல் காப்பாத்தினது நல்ல வேலை" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். உடுவில்காரரின் ஏச்சைவிட அந்தப் பாராட்டுத்தான் சுட்டது. ஒருநாள் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. இரத்தத்தில் மது இல்லை. அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினேன். தாதி எட்டிப் பார்த்துவிட்டுத் தானும் தட்டினா.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது தவராசா கூண்டில் நின்று, "நான் குடிக்கேல்லை ஐயா. ஆனா தலை சுத்துது எண்டு தெரிஞ்சும் லொறியை எடுத்தனான். அது என்ரை பிழை," என்றார். இரத்தம் குடியைத்தான் இல்லை என்றது, பிழையை இல்லை என்று சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்திருந்தது. யோகேஸ்வரி சாட்சிக் கூண்டில் ஏறி, தாழ்வாரத்தில் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வியாவது கூடுதலாகக் கேட்காவிட்டால் சில சட்டத்தரணிகளுக்கு நித்திரை வராது. தவராசாவின் சட்டத்தரணி எழும்பி, "உங்கள் மகளை இடித்தவர் இவர்தான் என்று அப்போதே தெரிந்திருந்தால், துடைத்து விட்டிருப்பீர்களா?" என்று கேட்டார்.

யோகேஸ்வரி தவராசாவை ஒருமுறை பார்த்தார்.

"துடைச்சிருப்பன் ஐயா. விழுந்து கிடக்கிற ஆளைத் துடைக்காமல் என்ன செய்யிறது?" என்றவர் கொஞ்சம் யோசித்து, "எழும்பினாப் பிறகு அடிச்சிருப்பன்," என்றார்.

முதலில் சிரித்தது பின்வரிசை வாங்கில் ஊன்றுதடியோடு இருந்த சிந்துஜா. பிறகு நீதவானுக்கும் அடக்க முடியவில்லை.

குடித்து வாகனம் ஓட்டிய குற்றச்சாட்டு தள்ளுபடியானது. கவனயீனத்துக்குத் தண்டனை கிடைத்தது. கொஞ்சக் காலம் லொறி ஓட்டவும் தடை. வெளியே வந்து மரத்தடியில் நின்று தவராசா அழுதார். அவர் பட்ட அவமானமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. யோகேஸ்வரி மகளைப் பிடித்துக்கொண்டு அவரைக் கடந்து போனார். நாலடி போய்த் திரும்பி வந்து, இடுப்பில் செருகியிருந்த லேஞ்சியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இந்தாரும், துடையும். வெறும் லேஞ்சிதான். பலூன் ஊதச் சொன்னாலும் பயமில்லை."